ஒட்டகத்தின் வயிற்றில் அரிசி தேடியவன்

காலையில் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

மாதா கோயிலில் இன்று ராத்திரி கிறிஸ்மஸ் குடில். அதற்கு ஒட்டகம் செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை. நூலாட்டம் மெல்லிய வாளுக்கு மெழுகு தடவித் தடவி, கால் ஒடியாமல் அறுத்தது. சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன்.

எஸ்டேட் வாசல் காவல்காரன் மறித்தான். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கடத்தாமலிருக்க, வெளியே போகிற மூட்டையெல்லாம் அங்கே சோதனை.

"காட்டுக் கம்யூனிஸ்டுக்கு அரிசியா?"

"ஒட்டகம் லா தம்பி. பிரிச்சுப் பாரு."

பிரிக்கவில்லை. இரும்புக் கம்பியால் சாக்கைக் குத்துகுத்தென்று குத்தினான். நாலு காலும் போச்சு.

அப்புறம் கொட்டிப் பார்த்து, "அரிசி இல்ல, போ" என்கிறான்!

பலகைக்குள் அரிசி வைக்க நான் என்ன மந்திரவாதியா?

இருட்டுவதற்குள் வேறு ஒன்று அறுக்கணும். தேயிலைப் பெட்டி வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள். புது ஒட்டகத்துக்கு அந்தக் காவல்காரன் மூஞ்சிதான் வைப்பேன். பொருந்துதா என்று குடிலுக்கு வந்து சொல்லுங்கள்.