வெல்லத் தராசில் ஏறிய எஞ்சின்

பழைய காருக்கு வேறு எஞ்சின் பொருத்தித் தருவது என் தொழில். பொருத்துவது பத்து நாள் வேலை, எந்த எஞ்சின் என்று முடிவு செய்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்தில் என் ஷெட் இருக்கிறது. கொள்ளேகால் பக்கம் ஹனூரிலிருந்து இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய காரைத் துடைத்துவிட்டுத் திங்கட்கிழமை ஆட்டோவில் ஆபீஸ் போகும் அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

தள்ளிக்கொண்டு வந்தார்கள்

நாலு வருஷம் முன்பு ஒரு காலை நேரம் ஹெரால்டு கார் ஒன்றைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு கதவு, இறகு மாதிரி லேசான உடம்பு, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக நிமிர்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் கைவைக்கலாம். மெக்கானிக்கின் முதுகை நினைத்துப் பார்த்து அந்தக் காரை வரைந்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

உள்ளே ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தவர் பார்த்தசாரதி சார். பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பூர்வீகம் மேல்கோட்டை. கல்யாணமான புதிதில் வாங்கிய கார். வருஷத்துக்கு நாலைந்து தடவை அதில் மனைவியோடு மேல்கோட்டை மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவார். ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் சூடாகும், நிறுத்தி ஆறவைத்துத்தான் மேலே போவார்கள். அதற்கு முந்தின வாரம் அங்கே நின்றே போய்விட்டது. திறந்து பார்த்தேன். சிலிண்டர், கிராங்க் எல்லாம் தேய்ந்து, இனி லேத்தில் கொடுத்துக் கடையவும் இடமில்லாமல் இருந்தது. பெங்களூரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வாசலில் நிறுத்தி, எஞ்சின் இருந்த இடத்தில் பூந்தொட்டி வைக்கப் போகிறாராம். அதைச் சொல்லும்போது சாரின் குரல் இறங்கிப்போனது. வேறு எஞ்சின் போட்டால் மேல்கோட்டை ஏறுமா என்று கேட்டார். ஏறும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள் வந்து நின்றார். புடவையில் கிரீஸ். தள்ளியவர்களில் அவரும் ஒருவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஒரே ஒரு தடவை பாப்பேன். நடுவுல நின்னுதுன்னா அங்கேயிருந்தே பெங்களூர்க்காரருக்கு போன் பண்ணிக் குடுத்துடுங்கோ. அறுபத்தெட்டு வயசுல கார் தள்ளறதுக்கா இவரைக் கல்யாணம் பண்ணிண்டேன்?”

ஆளுக்கு ஓர் எஞ்சின்

பூங்காவில் சாரோடு காலை நடை போகும் நண்பர்கள் மூன்று பேர் ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் டீசல் என்றார். ஒருவர் டர்போ என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு பாட்டரி வைக்கச் சொன்னார். மூன்று பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பதைச் சார் எனக்கு அப்புறம் சொன்னார்.

டீசல் என்றதும் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில், கொள்ளேகால் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவருடைய சின்னக் காருக்கு வேன் எஞ்சின் ஒன்றை டீசலாகப் பார்த்து மாட்டிவிட்டேன். எரிபொருள் மிச்சம், இழுவையும் ஜாஸ்தி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். எடையை மட்டும் பார்க்கவில்லை. லேசான கார், மூக்கில் பாறாங்கல்லைக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. முன் ஸ்பிரிங் படுத்துவிட்டது, ஒவ்வொரு ஹம்பிலும் அடி தட்டியது, ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு, எட்டாம் நாள் அந்த விவசாயி வந்தார். கோபமே படவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

“ஏனுங்ண்ணா, நா காரு ஓட்டறனுங்ளா, இல்ல ஏரு ஓட்டறனுங்ளா?”

தராசு

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எஞ்சின் மாற்றுவதென்றால் பழையதையும் புதியதையும் நிறுத்துப் பார்க்காமல் நான் ஸ்பானரைத் தொடமாட்டேன். தராசுக்கு எங்கே போவது? எங்கள் சந்தின் முனையில் பசவண்ணாவின் வெல்ல மண்டி இருக்கிறது. தரையோடு கிடக்கும் பெரிய தராசு. மத்தியான வெயிலில் வியாபாரம் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, சாக்கை விரித்து, தள்ளுவண்டியில் கொண்டுபோய் இறக்குவேன்.

சாரும் கூடவே வந்தார். ஹெரால்டின் பழைய எஞ்சின் வார்ப்பிரும்பு. அதை முதலில் ஏற்றினோம். பிறகு சின்ன மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று. எடை ரொம்பக் குறைவு, ஆனால் மேல்கோட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கடைசியாக ஜிப்சி ஜீப்பின் எஞ்சின். நாலு சிலிண்டர், அலுமினியம், பழைய எஞ்சினைவிட ஓர் அரிசிச் சிப்பம் அளவுக்கு எடை குறைவு, சக்தியோ அதிகம். பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியிலிருந்து வந்ததால் கியர் பாக்ஸும் நமக்குத் தோதாக நீளவாக்கில் உட்காரும். அதிலேயே இன்னும் வேகமான பிந்தைய மாடல் உண்டு. அது வேண்டாம் என்று விட்டேன். ஹெரால்டின் பின் ஆக்ஸில் அந்தக் காலத்துச் சாது. அதன் தலையில் ரொம்பவும் ஏற்றக்கூடாது.

முள் நின்ற இடத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். சார் மட்டும் ஓரமாகக் கிடந்த பழைய எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். வெல்லம் ஏற வேண்டிய தராசில் கறுப்பு எண்ணெய் சொட்டுவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு பசவண்ணா தன் கன்னடத் தமிழில் கேட்டார்:

“இது யாவ ஊரு வெல்லம் அண்ணா? எறும்பே வராது போல!”

வேறு குரல்

எஞ்சின் நம்பர் மாற்றத்துக்கு முறைப்படி எழுதிப்போட்டு அனுமதி வாங்கி, பிறகு வேலையை ஆரம்பித்தோம். ஆரம்பித்ததும் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பக்கத்துச் சந்து வெல்டர் ஃபயாஸ் பாய் அட்டைப்பெட்டியைக் கிழித்து அளவு எடுத்து, தொட்டியை வெட்டி வேறு வடிவத்தில் ஒட்டிக் கொடுத்தார். சார் தினமும் காலையில் வருவார், ஸ்டூலில் உட்காருவார், சாயங்காலம் போவார். ஆபீஸ் போகும்போதுகூட இவ்வளவு ஒழுங்காகப் போயிருக்கமாட்டார்.

ஸ்டார்ட் செய்த நாள். ஒரு சுற்றில் பிடித்துக்கொண்டது. சத்தம் அவ்வளவு மிருது, எங்கள் பேச்சே கேட்டது. நான் பெருமையாகத் திரும்பினால் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நன்னா இருக்கு, நன்னா இருக்கு... ஆனா எங்காத்து வண்டி மாதிரி பேசலையே” என்றார். உண்மைதான். நாற்பது வருஷம் கேட்ட கரகரப்பை நான்தான் பிடுங்கி மூலையில் போட்டிருந்தேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு ஃபயாஸ் பாய்தான் சமாளித்தார்.

“அழாதீங்க சார், ஸ்வல்ப நாள் போகட்டும். இந்த எஞ்சின் போற அன்னிக்கு இதுக்கும் நீங்க இப்படித்தான் அழுவீங்க.”

மேல்கோட்டை

சோதனை நாளன்று பின் சீட்டில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். மடியில் ஸ்பானர் பை, மனசில் நான் வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. ஏற்றம் ஆரம்பித்தது. சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவே இல்லை. மூன்றாவது கியரிலேயே கார் தன் பாட்டுக்கு ஏறியது. போன தடவை நின்றுபோன இடம், அதற்கு மேல் இருந்த வளைவு, எல்லாம் ஜன்னலில் வந்து போய்விட்டன. “பாத்தியா ரங்கா, பாத்தியா!” என்று சார் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அம்மாள் மட்டும் தலையைத் திருப்பி, பின்னால் போய்விட்ட வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூந்தொட்டிதான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சேவித்துவிட்டு வெளியே வந்ததும் சார் மெல்ல பெங்களூர்க்காரரின் பேச்சை எடுத்தார். “குடுக்க வேண்டாம். ஏறித்தோன்னோ?” என்றார் அம்மாள், அவ்வளவுதான். இறங்கும் வழியில் பாதித் தூரம் வந்ததும் காரை நிறுத்தச் சொன்னார். ரோட்டோரம் ஒரு புளியமரம், அடியில் இருவர் உட்காரலாம்போல ஒரு கல். சூடே ஆகவில்லையே, எதற்கு என்று சார் கேட்டும் அம்மாள் இறங்கிப்போய்க் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சார் பழக்க தோஷத்தில் முன்மூடியைத் திறந்து நிமிர்த்தினார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“பாங்குல மானேஜரோட பேசுவார், ஆத்துல பேப்பரோட பேசுவார். எங்கிட்ட உக்காந்து பேசினதெல்லாம் இந்த மரத்தடியில, ரேடியேட்டர் ஆறற அரை மணி நேரம்தான். அதையும் நீங்க ரிப்பேர் பண்ணிட்டேளே!”

ஆகையால் அன்பர்களே, எந்த எஞ்சின் வைப்பது என்று ஊரையெல்லாம் கேட்டு, எல்லாவற்றையும் தராசில் ஏற்றிப் பார்த்த நான், பக்கத்து சீட்டில் உட்காருகிறவரை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.