ஜூன் மாதத்துப் பிறந்தநாள்

என் மகள் பிறந்தது தை மாதம், பொங்கலுக்கு மறுநாள். பள்ளிப் பதிவேட்டிலோ அதற்கு முந்தைய ஜூனிலேயே பிறந்துவிட்டாள். ஐந்து வயது நிறையாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வருடம் வீணாகிறதே என்று ஏழு மாதம் கூட்டிச் சொன்னது நான்தான். எங்கள் மயிலாப்பூர் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் ஜூனில் பிறந்தார்கள். எனக்கு அது உறுத்தவே இல்லை, அவள் ஓட ஆரம்பிக்கும் வரை.

ஓட்டத்தில் வயதுப் பிரிவு உண்டு. போன வருடம் ஜூனியரில் எண்ணூறு மீட்டர் கோப்பை வாங்கியவளை, அந்த ஏழு மாதம் தூக்கி சீனியரில் போட்டது. இந்த வருடம் அதுவரை மூன்று போட்டிகள். மூன்றிலும் கடைசி வரிசை. தேதியை மாற்ற முடியுமா என்று பள்ளியில் கேட்டேன். ஏறியது ஏறியதுதான் என்றார்கள். அவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்ல வெட்கம்.

"நான் மட்டமாயிட்டேம்மா. மண்டலப் போட்டில முதல் ரெண்டுக்குள்ள வரலேன்னா ஷூவைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

அன்றைக்கு மைதானத்தில் அவள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் பேச்சுக் கொடுத்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், அவர் பெண்ணும் அதே ஓட்டத்தில் இருந்தாள்.

"இன்னாமா, உன் பொண்ணு இவ்ளோ சின்னதா கீது. இத்த ஏன் பெரிய பொண்ணுங்களோட வுட்டுக்கினு கீறே?"

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, ஏன்?"

பெயர் கூப்பிட இரண்டு நிமிடம்கூட இல்லை. இப்போது சொன்னால் ஓட்டம் கெடும். சொல்லாவிட்டால் தன்னால் முடியாது என்றே நினைத்துக்கொண்டு ஓடுவாள். சொல்லிவிட்டேன். சர்டிபிகேட்டில் தேதி வேறு என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சீனியரில் ஓடுகிறாள் என்பது தெரியாது. அவள் முகம் சிவந்தது. விறுவிறுவென்று கோட்டுக்குப் போனாள். நான் கெட்டேன் என்று நினைத்தேன்.

முதல் சுற்றில் ஆறாவது. இரண்டாவது சுற்றின் வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள், பிறகு இன்னொருத்தியை. நான் புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். குப்பத்துக்காரர் தன் பெண்ணை விட்டுவிட்டு என் பெண்ணுக்குக் கத்தினார். கடைசி நேர்க்கோட்டில் மூன்றாவது பெண்ணின் தோளுக்குத் தோளாக வந்து அவளையும் தாண்டினாள். இன்னும் பத்து மீட்டர் இருந்திருந்தால் இரண்டாவதைக்கூடப் பிடித்திருப்பாள்.

மூன்றாவது. குப்பத்துப் பெண் முதலாவது.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் ஷூவைக் கழற்றினாள். போச்சு, இங்கேயே எறியப் போகிறாள் என்று நடுங்கினேன். உள்ளே புகுந்த மணலைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"காலையில ஜூனியர்ல ஜெயிச்சவளோட டைமைப் போர்டுல பாத்தேன். என்னோடது அதைவிட நாலு செகண்டு கம்மி" என்றாள். "அப்ப நான் மட்டம் இல்ல. நீதான் ஃப்ராடு."

"ஆமாண்டி" என்றேன்.

"சரி, வர்ற ஜூன்ல எனக்குப் பிறந்தநாள் கொண்டாடணும். பாயசம் வேணும். ஆணி வெச்ச ஷூ வேணும். அடுத்த வருஷம் இந்தப் பெரிய பொண்ணுங்கள்லாம் போயிடுவாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அத்தனை பேர் நடுவில் நான் அழுதேன். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.