அவள் சத்தமாகப் படிக்காத போர்டு

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம், திருச்சி டவுனில் ஒரு தியேட்டருக்குப் பகல் காட்சி பார்க்கப் போன அன்று நடந்தது இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்து ஆரம்பித்தவன் நான். முப்பது வயதுக்குள் அதே மார்க்கெட்டில் சொந்த மண்டி போட்டேன். தாரைக் கண்ணால் பார்த்தே எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். அப்பன் சொத்து என்று ஒரு தம்பிடி கிடையாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு முதல் ரேடியோ வந்ததும் என் வீட்டுக்குத்தான்.

ஒன்றுதான் குறை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்தைக் கோலம் மாதிரி வரைந்து பழகியிருந்தேன். மற்றதையெல்லாம் மண்டியில் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார். படிக்காதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று மாமனார் பிடிவாதமாக இருந்ததால், நான் எட்டாவது படித்தவன் என்று தரகர் சொல்லிவைத்தார். நானும் மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பொய்யைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தேன்.

என் மனைவி நிஜமாகவே எட்டாவது படித்தவள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பரோ, மளிகை கட்டி வந்த காகிதமோ, எதைக் கையில் எடுத்தாலும் வாய்விட்டுப் படிப்பாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்னடி இது?" என்று வந்தவர் போனவர் முன்னால் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வாளே தவிர பழக்கத்தை விடமாட்டாள்.

அந்தச் சமயத்தில் ரேடியோவில் வாராவாரம் ஒரு துப்பறியும் நாடகம் வந்தது. யுத்த காலத்தில் ஓர் ஊருக்குள் எதிரிநாட்டு உளவாளி ஒளிந்திருக்கிறான், அவன் யார் என்பதுதான் கதை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ரேடியோ எனக்கென்றே செய்த சாமான். அதில் எழுத்தே கிடையாது. எல்லாவற்றையும் யாராவது வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். டாக்டர்தான் உளவாளி என்று முதல் வாரமே சொன்னேன். கடைசி வாரம் அப்படியே ஆயிற்று. "இதுக்கெல்லாம் காலேஜ் தேவையில்லை, மாப்ளே. மூளை வேணும்" என்று, திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் மச்சினனிடம் மார்தட்டினேன்.

அந்த நாடகத்தையே பிறகு சினிமாவாக எடுத்தார்கள். படம் திருச்சிக்கு வந்ததும் மனைவி, மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் என் செலவில் கூட்டிப் போனேன். கூட்டம் அதிகம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வரிசையிலும் மற்றவர்களுக்கு அதற்கு முன் வரிசையிலும்தான் இடம் கிடைத்தது.

படத்தில் எழுத்துப் போட ஆரம்பித்ததும் என் மனைவி வழக்கம்போல ஒவ்வொரு பெயராகப் படித்தாள். முன்வரிசையில் மச்சினன் திரும்பிப் பார்த்தான். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது.

"இது என்ன பாடசாலையா? வாயை மூடிக்கிட்டு உட்காரு!" என்றேன், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

முன்வரிசையில் சிரித்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, படிப்பதை நிறுத்திவிட்டாள்.

படத்தின் கடைசிக் கட்டம். கதாநாயகன் உளவாளியைத் துரத்திக்கொண்டு இருட்டில் ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறான். டார்ச்சை அடிக்கிறான். வெளிச்சம் கேட்டில் தொங்கும் பெயர்ப்பலகையில் விழுகிறது. தியேட்டர் முழுக்க "அடப்பாவி!" என்று ஒரே சத்தம். கதாநாயகன் கையிலிருந்து டார்ச் நழுவுகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. பலகையில் இருந்த பெயரைத் திரையில் யாரும் வாயால் சொல்லவில்லை.

அந்தப் பலகை திரையில் நின்றபோது என் மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். உதடு பிரிந்தது. அப்புறம் மூடிக்கொண்டது.

கதை தெரிந்தவர்கள் எல்லாரும் ஏன் இப்படித் திடுக்கிட்டார்கள் என்று மனசுக்குள் லேசாக உறுத்தியது. ஆனாலும் அது டாக்டர் பெயர்தான் என்று வைத்துக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் காவிரிப் பாலம் ஏறும்போது மச்சினன் ஆரம்பித்தான். "என்ன அத்தான், உங்க மூளை இந்தத் தடவை கவுத்துடுச்சே!"

"எது கவுத்துச்சு? டாக்டர்தான்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"டாக்டரா? கதையையே மாத்திட்டாங்களே அத்தான்! போர்டுல ஹீரோவோட கூடப்பிறந்த அண்ணன் பேரு இருந்துச்சே. எவ்வளவு பெரிய எழுத்து! நீங்க படிக்கலையா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். விஷயம் மாமனார் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தைவிட, அத்தனை பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்து நின்றவன் போல நான் இருந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாம் என்னாலதாண்டா" என்றாள் என் மனைவி. "அந்த நேரம் பாத்து என் தோட்டுத் திருகாணி கழண்டு விழுந்துடுச்சு. தேடுங்க தேடுங்கன்னு பாவம் இவங்களைக் குனிய வெச்சுட்டேன். எங்கேருந்து போர்டைப் பாக்குறது?"

"நல்ல நேரம் பாத்தே அக்கா! கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு" என்று காதைத் தொட்டுக்காட்டிச் சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது. வாயை மூடு என்று நான் அடக்கிய அதே வாய்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து எல்லாரும் கலைந்த பிறகு, "உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"கல்யாணமான முதல் மாசமே தெரியும். பேப்பரை எடுத்தா படம் இருக்குற பக்கத்தை மட்டும் அவ்வளவு நேரம் பாப்பீங்க. அதான் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சேன்." உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "இன்னைக்கும் படிக்கத்தான் வாயெடுத்தேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று நான் ஊரைக் கூட்டிக் கேலி செய்ததெல்லாம் எனக்காகவே அவள் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. மண்டிக்காரனாயிற்றே, விட்டுக்கொடுக்கத் தெரியாது. மறுநாள் பேப்பரை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்து, "இது என்ன எழுத்து?" என்று மட்டும் கேட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு வருடம் பிடித்தது. அதிலும் நான் வேகம்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். என் மண்டி போர்டை நானாகப் படித்த நாளில் கண் கலங்கியது எனக்கு, அவளுக்கு இல்லை.

மச்சினனிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. திருகாணிக் கதையைச் சொல்லி அவர்கள் அவளைக் கேலி செய்தபோதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்று பேரப்பிள்ளைகளோடு டிவி பார்க்கும்போது திரையில் எழுத்து வந்தால் அவள் இப்போதும் வாய்விட்டுப் படிக்கிறாள். அவளுக்கு முன்பே நான் படித்து முடித்துவிட்டாலும், எதுவும் தெரியாதவன் போல அவள் முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.