திரைக்குப் பின்னால் வாசித்தவள்

இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. நம்ப விரும்பாதவர்கள் நம்பாமலே வாசிக்கலாம். 1974 ஓகஸ்ட் 24, சனிக்கிழமை. மாலை நாலு பத்துக்கும் இரவு எட்டே முக்காலுக்கும் இடையில் நடந்தது. இடம், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஒரு பழைய கல்யாண மண்டபம்.

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். அண்ணன் கதிராமன் பாடுவான், அக்கோடியனும் வாசிப்பான். அவனுடைய சிநேகிதன் மஹ்ரூப் பொங்கோ. மாமாவின் மகன் வேலன் கிற்றார். அதாவது, பார்ப்பவர்களுக்கு அவன்தான் கிற்றார். உண்மையில் வாசித்தவள் நான்.

அப்பாவின் தீர்ப்பு அப்படி. "வீட்டில வாசி. மேடையில உன்ர முகத்தை ஊர் பார்க்கக் கூடாது. பார்த்தா அண்டைக்கே கிற்றாரை உடைப்பன்" என்றார். அவர் சொன்னால் செய்வார். என்னிடம் இருந்தது அந்த ஒரு கிற்றார்தான்.

அண்ணன் வழி கண்டுபிடித்தான். மேடையின் பின்பக்கம் நீலத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு மைக், நான். திரைக்கு முன்னால் வேலன், கம்பிகளைத் தளர்த்திய இன்னொரு கிற்றாருடன்.

மூன்று கல்யாணங்களில் இப்படி வாசித்தேன். கைதட்டல் வேலனுக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் வெட்கப்படுவான். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன கிடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

இந்த மண்டபத்துக்கு அதுதான் முதல் தடவை. நாலு பத்துக்கு ஒத்திகை. நான் கம்பியைத் தட்டினால், கொஞ்சம் பிந்தி அதே ஒலி கேட்டது. உயர்ந்த கூரை, எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் உள்ளங்கையை வைத்துக் கம்பிகளை அடக்கினேன்.

எதிரொலி அடங்கவில்லை. இன்னும் மூன்று சுரம் போனது. நான் வாசிக்காத மூன்று சுரம்.

முன்னால் மஹ்ரூபின் குரல் கேட்டது. "வேலன், மாப்பிள்ளையை விட நீதான் வடிவா நிக்கிறாய். ஆனா விரலைக் கொஞ்சம் ஒழுங்கா அசை மச்சான். ஈ கலைக்கிற மாதிரிக் கிடக்கு."

அண்ணன் திரைக்குள் தலையை நீட்டினான். "பிள்ளை, கடைசியில போட்ட துண்டு நல்லாயிருக்கு. இரவைக்கும் போடு."

"நான் ஒண்டும் போடேல்லை அண்ணா."

"சும்மா கதை விடாத."

ஆறரைக்குத் திரைக்குப் பின்னால் போனேன். இரண்டு பிரம்புக் கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒத்திகையில் ஒன்றுதான் இருந்தது. யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஒன்றைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன்.

ஆறு ஐம்பதுக்கு முதல் பாட்டு. முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். கதிரை மறுபடியும் என் பக்கத்தில் இருந்தது. இழுபட்ட சத்தம் கேட்கவில்லை.

ஏழு பன்னிரண்டு. மூன்றாவது பாட்டின் நடுவில்… 'டங்'. மெல்லிய கம்பி அறுந்தது. என் கை நின்றது.

வாசிப்பு நிற்கவில்லை.

கிற்றார் போய்க்கொண்டே இருந்தது. என் பக்கத்தில். ஒரு முழத் தூரத்தில். என் கிற்றார் என் மடியில் ஊமையாகக் கிடந்தது.

'கிர்ர்…'

பக்கத்துக் கதிரையின் பிரம்பு மெல்லத் தாழ்ந்தது. யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்வதுபோல.

யாரும் இல்லை.

வெளியே பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். முன்பை விடப் பலமாக. அடுத்த பாட்டு தொடங்கியது. கிற்றாரும் தொடங்கியது.

நான் நிறுத்தியது ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்கும் தெரியவில்லை. இனி நான் வாசிக்காமலே இருக்கலாம். இங்கேயே செத்தும் கிடக்கலாம். பாட்டு நடக்கும்… அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்கு மேலால் ஒரு கோபம் ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

எழும்பினேன். கிற்றார் கையிலேயே இருந்தது. திரையை விலக்கினேன்.

வெளிச்சம். முந்நூறு முகங்கள். மூன்றாவது வரிசையில் அப்பா.

வேலன் திரும்பினான். வாய் திறந்தபடி நின்றான்.

"மச்சாள்… நீங்க இங்க. அப்ப உள்ளுக்கு ஆர்?"

மஹ்ரூபின் கை நின்றது. அண்ணன் பாட்டை விட்டான். உள்ளே கிற்றார் மட்டும்…

அண்ணனின் மைக்குக்கு முன்னால் போய் நின்று, மிஞ்சிய ஐந்து கம்பிகளையும் ஓங்கி ஒரே தட்டாகத் தட்டினேன்.

'டக்.' உள்ளே நின்றது. யாரோ உள்ளங்கையை வைத்து அடக்கியதுபோல.

அப்பா எழும்பினார். நான் அவரை நேராகப் பார்த்தேன்.

"உடையுங்கோ அப்பா. விடிய உடையுங்கோ. இப்ப பாட்டு முடியேல்லை."

மைக் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பா வெளியே போனார். நான் வாசித்தேன். எட்டே முக்கால் வரைக்கும், ஐந்து கம்பியில், நின்றபடி.

அப்பா கிற்றாரை உடைக்கவில்லை. இரண்டு மாதம் என்னுடன் கதைக்கவும் இல்லை. அதே மண்டபத்தில் பிறகு நான்கு தடவை வாசித்தேன். "வேற இடம் பார்ப்பம்" என்று அண்ணன் கெஞ்சினான். ஏலாது என்றேன். ஒவ்வொரு தடவையும் முன்னால்தான் நின்றேன்.

அந்த முதல் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மண்டபத்தில் விட்டுவந்த சாமான் ஏற்றப் போனோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸெய்னுதீன் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உள்ளுக்கு ரெண்டு கதிரை கிடந்ததா?"

"ஓம் நானா. நீங்களா வச்சனீங்கள்?"

"நான் வைக்கல்ல. முந்தி ஒரு குடும்பம் இங்க வாசிக்க வாறது. தகப்பனும் ரெண்டு மகன்மாரும் முன்னால. மகள் திரைக்குப் பின்னால, கிற்றாரோட."

"அவவின்ர பேர் என்ன?"

"ஆரும் கேக்கல்ல பிள்ளை."

வீதியில் ஒரு லொறி போனது. அது போனதும் நானா கிட்ட வந்தார்.

"ஒரு கல்யாணத்தில, கடைசிப் பாட்டு முடிஞ்சு சனமெல்லாம் எழும்பி நிண்டு கை தட்டினது. நான்தான் திரையை விலக்கினன். கதிரையில சாஞ்சபடி இருந்தா. கை ஐஸ் மாதிரி. விருந்துக்கு வந்த டொக்டர் ஒருத்தர் ஓடி வந்து பார்த்தார். உயிர் போய் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எண்டார்."

நானா என் கிற்றாரைப் பார்த்தார்.

"கடைசிப் பாட்டுக்கும் கிற்றார் கேட்டது, பிள்ளை. நான் திரையிலிருந்து ரெண்டு அடியில நிண்டனான்."