எழுபத்தொன்றில் நின்ற சிடி

போன சீசனில் என் தங்கை குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பதே அந்த லாட்ஜில்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் அதே காலோடு ஏறி இறங்குகிற படி அது. யாரோ அறைச் சாவி கேட்டார்கள் என்று மாடிக்கு ஓடியவள் நான்காவது படியிலிருந்து உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

தென்காசியில் அம்மா வீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். மூன்றாம் நாளே அவளுக்குப் படுக்கை சலித்துவிட்டது.

"அக்கா, நம்ம கார் ரேஸ் கேம் இருக்குல்லா, அதை உன் லேப்டாப்ல போட்டுத் தாயேன்."

அப்பா துபாயில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கி வந்தார். அது ஒரு மின்னலில் கருகிப்போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. சிடி மட்டும் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. பழைய கன்சோலைப் போலவே லேப்டாப்பை நடந்துகொள்ள வைக்கிற எமுலேட்டர் என்ற சாஃப்ட்வேரை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அரை மணி நேர வேலை என்று சொன்னேன். அந்த வாயை அன்றே மூடியிருக்கலாம்.

என் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. பஜாரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்கார அண்ணாச்சியிடம் வெளியே சொருகுகிற டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். "இதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கா" என்று தூசி தட்டிக் கொடுத்தார்.

சொருகினேன். விளக்கு மினுங்கியது, டிக் டிக்கென்று சத்தம் வந்தது, பிறகு டிரைவ் திரையிலிருந்தே காணாமல் போனது. மறுபடி சொருகினேன். மறுபடி காணாமல் போனது. லேப்டாப்பை மூன்று முறை அணைத்துப் போட்டேன், டிரைவுக்கான சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். அன்று சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. மறுநாள் அண்ணாச்சியிடம் டிரைவ் கெட்டுப்போயிருக்கிறது என்று கொஞ்சம் முறைப்பாகவே சொன்னேன்.

அவர் வயரை எடுத்துக் காட்டினார். "இதுல ரெண்டு தலை இருக்கு பாத்தீங்களா டீச்சர். ரெண்டையும் சொருகணும். ஒண்ணை மட்டும் சொருகினா மோட்டாருக்குக் கரண்டு பத்தாது."

பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு தலையையும் சொருகியதும் சிடி நன்றாகச் சுற்றியது. எமுலேட்டரைத் திறந்தேன். சிடி இல்லை என்றது. சிடி காதருகே விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கிறது, இது இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது டிரைவைத் தேடவே இல்லை, மெமரி கார்டு சொருகுகிற காலி ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் டிரைவின் ஆங்கில எழுத்தை மாற்றி, சரியான டிரைவை அதற்குக் காட்டினேன்.

"என்னக்கா பண்ணுத இவ்வளவு நேரமா?" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"சும்மா இருடி."

இதில் இறங்கிய மூன்றாம் நாள் கேமின் ஆரம்பப் படம் வந்தது. அந்தப் பழைய இசை கேட்டதும் தங்கை எழுந்து உட்காரப் பார்த்துக் காலில் வலியெடுத்து முனகினாள். அடுத்த நொடி திரை வெள்ளையாக நின்றுவிட்டது. டிரைவ் சும்மா இருக்கும்போது சுற்றுவதை நிறுத்திவிடுகிறது, தகவல் கேட்டால் அது விழித்து எழுவதற்குள் எமுலேட்டருக்குப் பொறுமை போய்விடுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், சுற்றுகிற வேகத்தைக் குறைத்தேன். இந்த முறை கார் தேர்ந்தெடுக்கிற இடம் வரை போனது. பாதையைத் தேர்ந்தெடுத்ததும் நின்றது.

"நெட்ல கிடைக்காதாக்கா?" என்றாள் தங்கை.

"நம்ம சிடி கையில இருக்கு. எதுக்கு வேற எவன்கிட்டயோ எடுக்கணும்?"

அது கொள்கை ஒன்றுமில்லை, வெறும் வீம்பு. அதற்குள் எனக்கும் அந்த டிரைவுக்கும் சண்டை என்றாகிவிட்டது.

சிடியில் இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாக லேப்டாப்பில் எடுத்துக்கொண்டால் டிரைவே தேவையில்லை. அதைச் செய்தேன். எழுபத்தொரு சதவீதத்தில் பிழை என்று நின்றது. சிடியைத் துடைத்துத் திரும்பச் செய்தேன். எழுபத்தொன்று. மழைக்காற்றில் பூஞ்சை பிடித்திருக்கலாம் என்று, கண்ணாடி துடைக்கிற துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக, பக்குவமாகத் துடைத்தேன். எழுபத்தொன்று. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று அம்மா எங்கோ கேட்டதைச் சொன்னாள். அது மூடத்தனம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பிறகு குளியலறைக்குப் போய்ப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். சிடி புதினா வாசனை அடித்தது. எழுபத்தொன்றில் நின்றது.

நான்காம் நாள் வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. தங்கை, "இன்னும் வரலையாக்கா?" என்றாள். நான் சிடியை மேசையில் வைத்துவிட்டுக் கத்திவிட்டேன். நாள் முழுக்க முப்பத்தாறு பிள்ளைகளிடம் கத்திவிட்டு இங்கே வந்து இதோடு மல்லுக்கட்டுகிறேன், உனக்குக் கால்தான் உடைந்திருக்கிறது, வாய்க்குக் கட்டுப் போடவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கை போர்வையை இழுத்துக் காலை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மேல் பக்கத்தைப் பாத்தியாக்கா?"

மேலே படம் போட்ட பக்கத்தில் ஏதோ கிறுக்கல் இருந்ததைப் பார்த்திருந்தேன். டிரைவ் படிப்பது அடிப்பக்கத்தைத்தானே என்று விட்டுவிட்டேன்.

"அங்கன நீ உன் பேரை எழுதி வச்சிருந்தே. நான்தான் காம்பஸ் முனையால சுரண்டினேன்."

அப்போது அவளுக்குப் பத்து வயது, எனக்குப் பதிமூன்று. ஒரு சனிக்கிழமை முழுக்க நான் அவளுக்கு ஒரு ஆட்டம்கூடத் தரவில்லையாம். எனக்கு அந்தச் சனிக்கிழமை நினைவே இல்லை. அதன் பிறகு கேம் பாதியில் நின்றபோதெல்லாம் நாங்கள் கன்சோலைத்தான் குறை சொன்னோம், அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தெல்லாம் ஓட்டிப் பார்த்தோம். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சிடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. சிடியில் தகவல் இருப்பது மேலே ஒட்டிய படத்துக்கு நேர் கீழே, முடி கனம்கூட இல்லாத ஒரு படலத்தில். அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக், அதில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிபண்ணலாம். மேலே சுரண்டினால் தகவலே போய்விடும். இதை நானே பாடத்தில் நடத்தியிருக்கிறேன்.

"நாலு நாளா நான் இங்கன உக்காந்து மல்லுக்கட்டுததைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ திட்டுவேன்னு பயந்துட்டேன்."

லாட்ஜில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற ஆம்பளைகளைத் தனி ஆளாக வெளியே அனுப்புகிறவள் இவள். நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சிடியைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். லேபில் யாரும் தொடாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் தட்டு வெளியே வருகிற டிரைவ் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போ என்று சாஃப்ட்வேரில் குறித்துக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுபத்தொன்றில் முக்கியது, முனகியது, பத்து நிமிடம் அசையவில்லை. பிறகு எழுபத்திரண்டு என்றது. டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை.

சாயங்காலம் அந்த ஃபைலை லேப்டாப்பில் ஏற்றியதும் கேம் ஓடியது. நான்கு பாதைகளில் மூன்று நன்றாக வந்தன. மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் திரை கறுப்பாகி அப்படியே நின்றது. அந்தப் பாதைதான் காம்பஸ் முனையில் போயிருக்கிறது.

"அது எனக்குப் பிடிச்ச ரோடு" என்றாள் தங்கை.

"சுரண்டினது நீதானே."

"பேரு எழுதினது நீதானே."

மாவுக்கட்டுக் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் ஆடினாள். அம்மா காபி கொண்டுவரும் வரை ஐந்து ஆட்டம் ஆடினோம், ஐந்திலும் அவளே ஜெயித்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் முதல் வேலையாக அங்கேதான் போனேன்.