வெள்ளிப் பல்

உலக நாடுகள் எல்லாம் ஒரு மாநாட்டில் கூடி, 2034-க்குள் பல்லுக்குப் பாதரசம் கலந்த அடைப்பு வைப்பதை நிறுத்துவது என்று முடிவு செய்தன. செய்தி வந்த மூன்றாம் நாளே டாக்டர் பெவின் நிறுத்திவிட்டார். 'தூத்துக்குடியின் பாதரசமில்லாப் பல் மருத்துவமனை' என்று வாசலில் ஆளுயரப் பலகை ஏறியது. அதில் ஒரு பல் சிரித்துக்கொண்டிருந்தது. பல்லுக்கே பல் இருந்தது.

இசக்கிசெல்வி அண்ணாந்து பார்த்து மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அந்தக் கிளினிக்கில் இருபத்து மூன்று வருடமாக உதவியாளர். டாக்டரின் அப்பா காலத்து ஆள். செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளுக்குக் கறுத்த பல் பிடிக்கவில்லை, பல் நிறத்திலேயே அடைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஆறு வருடமாக அலமாரியில் சும்மா கிடந்த ஒன்றைத்தான் டாக்டர் இப்போது ரிப்பன் வெட்டித் துறக்கப் போகிறார். ஒரு கல்லூரி முதல்வரம்மா தலைமையாம். சாமியானா, பொன்னாடை, வடை எல்லாம் உண்டாம்.

முத்தையாபுரத்திலிருந்து அவள் வேலைக்கு வந்த புதிதில் கலக்கும் எந்திரம் கிடையாது. சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித் தூளைப் போட்டு, பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். பதம் வந்ததும் துணியில் பிழிந்து, உள்ளங்கையில் உருட்டி, பெரிய டாக்டர் ஜேசுதாசனிடம் நீட்ட வேண்டும். உப்பளத்து ஆட்கள் வரிசையாக வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கையுறை டாக்டருக்கு மட்டும்.

ஒரே வாரத்தில் அவளுடைய கல்யாண மோதிரம் வெளுத்துப்போனது. தங்கம் பாதரசத்தைக் குடித்துவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாமியார் சண்முகத்தாய்க்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

"ஏளா, எம் மவன் போட்ட தங்கத்தை வித்துத் தின்னுட்டு, வெள்ளியை மாட்டிக்கிட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல?"

"விக்கல அத்தை. தானா வெளுத்துட்டு."

"தானா வெளுக்கதுக்கு அது என்ன என் தலைமுடியா?"

அழுதுகொண்டே ஆசாரி பாண்டியராஜனிடம் போனாள். அவர் மோதிரத்தை நெருப்பில் காட்டி வெளுப்பை ஓட்டிக் கொடுத்தார். "அந்தத் தூளு வெள்ளியாம்லா? உதிந்து கெடக்கதைக் கொண்டா, உருக்கிப் பாப்போம்" என்றார். மறுநாளே டாக்டருக்குத் தெரியாமல், பிழிந்து மிஞ்சிய துணுக்குகளை ஒரு தீப்பெட்டி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நன்றிக்கடனாம். காற்றில் தணல் கலையாமல் இருக்க அவர் கதவைச் சாத்திக்கொண்டு உருக்குகிற மண் மூசையில் போட்டு ஊதுகுழலால் ஊதினார்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிமோனியா என்று எழுதினார்கள். மழையில் நனைந்ததால் வந்தது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எழுந்து நடமாடினார், ஆனால் ஊதுகுழலை வாயில் வைக்கிற மூச்சு அதன்பிறகு சாகும்வரை அவருக்கு வரவில்லை.

இசக்கிசெல்வி பெரிய டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "சார், இந்த மிஞ்சின துணுக்கைச் சுட்டா என்னாகும்?"

அவர் நிமிராமலே சொன்னார். "பாதரசம் புகையாப் போகும். மூடின ரூம்னா நுரையீரலைத் தின்னுடும். ஏன்மா?"

"சும்மாத்தான் சார்."

அன்றிலிருந்து ஒரு துணுக்கைக்கூட வெளியே விடவில்லை. ஊறுகாய் ஜாடி ஒன்றில் தண்ணீருக்கடியில் போட்டு இறுக மூடிவைத்தாள். வாயையும் அப்படியே மூடிக்கொண்டாள். அவளுக்கு ஏளனமாகத் தெரிந்த மனிதர்கள் இந்த ஊரில் ஏராளம். பட்டியலில் முதல் ஆள் அவளேதான்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் டாக்டரின் மனைவி ஜெபசுதாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அந்த ஜாடியில் இருக்கும் வெள்ளியை உருக்கி, ஒரு பல் செய்து, முதல்வருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தால் என்ன?

"சூப்பர் கான்செப்ட்" என்றார் டாக்டர். "அக்கா, நம்ம பேச்சிராஜாகிட்ட பேசிட்டேன். ஜாடியைக் கொண்டு கொடுத்திருங்க."

பேச்சிராஜா, பாண்டியராஜனின் மகன். இசக்கிசெல்வி ஜாடி இருந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அதைச் சுட்டா விசம்லா. நீங்க படிச்சதுதான?"

"ஓப்பன் ஏர்ல வச்சுச் செய்யச் சொல்லுங்க."

"அப்போ நம்ம மொட்டை மாடியில வச்சு செய்யச் சொல்லட்டா?"

"இங்கயா? பேஷண்ட்ஸ் வந்துபோற இடம்க்கா" என்றாள் ஜெபசுதா, நிஜமாகவே பதறிப்போய்.

ஜாடியை எடுக்காமல் வெறுங்கையோடு போனாள். பேச்சிராஜாவுக்குப் பட்டறையும் வீடும் ஒரே அறைதான். குமுட்டி அடுப்புக்கு நாலடி தள்ளிச் சேலைத் தொட்டில். அதில் நாற்பது நாள் பிள்ளை. மனைவி முத்துச்செல்வி ஆட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் பாண்டியராஜன் மாலைக்குள்ளிருந்து பார்த்தார்.

"ஜாடி எங்கக்கா? ஆயுசுல நான் பல்லு செஞ்சதில்ல பாத்துக்கிடுங்க. ரெண்டு வேரு விட்டாப் போதும்லா?"

"செய்யாத, பேச்சி."

"ஏன், எனக்கு வராதுன்னு நெனைக்கியளா?"

"உங்கப்பாவுக்கு வந்தது மழையில வந்த சீக்கு இல்ல. நான் கொண்டாந்து கொடுத்த தீப்பெட்டியால வந்தது."

மூச்சு விடாமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். முத்துச்செல்வியின் கை தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தது.

"ரெண்டு படி ஏற முடியாம அப்பா இழுத்துக்கிட்டுக் கெடந்தாவளே" என்றான் பேச்சிராஜா மெதுவாக. "அப்போல்லாம் நீங்க ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து பாத்திய."

"ஆமா."

"நல்லாப் பாத்திய."

அவள் எழுந்தாள்.

"ஜாடி இந்தப் பக்கம் வரக்கூடாது. நீங்களும் கொஞ்ச நாளைக்கு வராதிய."

அவன் மறுத்துவிட்டதைக் கேட்டு டாக்டர் முகம் சுளித்தார். ஜெபசுதா சளைக்கவில்லை. "ஊர்ல ஒரே ஆசாரியா இருக்காரு? திருச்செந்தூர் ரோட்டுல ஒருத்தரைப் பேசிட்டேன். நாளைக்குக் கொண்டு கொடுங்க. செஞ்சதும் வாங்கி, இந்தப் பெரிய வெல்வெட் பெட்டியில வச்சு, அழகா சுத்தி எடுத்துட்டு வாங்க."

திருச்செந்தூர் ரோட்டு ஆசாரியை இசக்கிசெல்விக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் ஒரு தொட்டில் இருக்கலாம். யாரிடமும் வாக்குவாதம் செய்யாமல் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டுக்கு. சொன்னபடியே பெட்டியில் வைத்து, அழகாகச் சுற்றினாள்.

விழா அன்று வேலை கிடையாது என்பதால், அந்த முதல் வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கிளினிக்குக்குக் கல்யாண மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் பூமியைப் பற்றிப் பேசினார், கடலைப் பற்றிப் பேசினார், மீன்களைப் பற்றி உருகினார். பிறகு முதல்வர் பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறக் கசடு அடியில் படிந்த ஊறுகாய் ஜாடி வெளியே வந்தது. மூடியில் மாங்காய்ப் படம்.

"இது என்னது?"

டாக்டர் வாயைத் திறந்தார். பல் மட்டும்தான் தெரிந்தது. இசக்கிசெல்வி முன்னே வந்து ஜாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இத்தனை வருசமா பல்லுல வச்சதுபோக மிஞ்சினதும்மா. பாதரசம் கலந்தது. சுட்டா ஆளைக் கொன்னுடும். சாக்கடையில ஊத்தினா கடலுக்குத்தான் போகும். சார் இதை முறைப்படி ஒப்படைக்கப் போறாவ. நீங்கதான் சாட்சி."

முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார். சாமியானா முழுதும் தட்டியது. டாக்டர் ஒரு நொடியில் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் சொல்ல வந்ததே அதுதான்!"

இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டதால் செய்யவும் வேண்டியதாயிற்று. நாலாம் நாள் மருத்துவக் கழிவு வண்டி வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாடியை எடுத்துப் போனது. ஜெபசுதா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கிளினிக் அமைதியாக இருந்தது.

விழாவின் மறுநாளே பத்திரிகையில் டாக்டர் பெவினின் படம் பெரிதாக வந்திருந்தது. பக்கத்தில் ஜாடி. ஜாடியைப் பிடித்திருந்தவளை முழங்கையோடு வெட்டிவிட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் போன் வந்தது. பேச்சிராஜா.

"பேப்பர்ல உங்க கை வந்துருக்கு."

"என் கைன்னு எப்படித் தெரியும்?"

"அந்த மோதிரத்தைத் தெரியாதா?" என்றான். பின்னால் பிள்ளை வீறிட்டது. "இன்னும் ஒரு பக்கம் வெளுப்பாத்தான் இருக்கு. அப்பா சரியாச் சுடல போல."

"கொண்டாரட்டா?"

"கொண்டாராதிய. அதையும் சுடணும்லா, இங்க பிள்ளை கெடக்கு" என்று போனை வைத்துவிட்டான்.