நாலு அடுக்கு

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தொரு வயது. பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுகிற வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நீராவி இயந்திரத்துக்குள் விட்டு எடுக்க வேண்டும். அங்கே மற்றவர்கள் பனியனோடு நிற்பார்கள். இவர் மட்டும் இரண்டு பனியன், மேலே டீ சர்ட், அதற்கும் மேலே முழுக்கைச் சட்டை. கேட்டால் "எனக்குக் குளிருது" என்பார். பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

விஷயம் இதுதான்: மனிதர் ஒல்லி. என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் வைத்த 'குச்சி' என்ற பட்டப்பெயர் இன்னும் விடவில்லை. நாலு துணி போட்டால் ஆள் கொஞ்சம் நிரம்பித் தெரிவார் என்று நினைப்பு.

ஒரு மத்தியானம் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். காற்று படட்டும் என்று கூட இருந்தவர்கள் சட்டையைக் கழற்றினால், உள்ளே துணி வந்துகொண்டே இருந்ததாம். டாக்டர் இவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

"நீங்க எதுக்காகச் சரியாகணும்னு நினைக்கிறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"என் பொண்ணு நீச்சல் கத்துக்கிறா. கடைசி வகுப்புல அப்பாவும் தண்ணியில இறங்கணுமாம். நான்தான் வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. சட்டையோட இறங்க விடமாட்டாங்க."

அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வாரம் ஒரு துணியைக் குறைக்க வேண்டும், யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும், அதுதான் வைத்தியம். முதல் வாரம் இவர் ஒரு பனியனைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகச் செய்தார்.

நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். 'திங்கள்: யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்: யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதன்: விரிப்பை நேராகப் பிடி என்றார்கள்.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். 'இதுவரை சொன்னவர்கள்' என்று ஒரு பட்டியல். மூன்றாவதாக என் பெயர். கல்யாணப் போட்டோவின்போது, "உள்ள இன்னொண்ணு போட்டுக்கோங்க, என் பக்கத்துல காணாமப் போயிடுவீங்க" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். பத்து வருஷம் மனிதர் அதைக் கழற்றவே இல்லை. என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நேராகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா, உண்மையைத்தானே சொன்னே" என்றார். அழுதுவிட்டேன்.

கடைசி வகுப்பு வந்தது. நீச்சல் குளத்து ஓரத்தில் சட்டையைக் கழற்றினார். கழற்றியதை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து பெஞ்சில் வைத்தார். தொழில் புத்தி எங்கே போகும்? பிறகு தண்ணீரில் இறங்கினார். மகள் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வயது, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வயது. அப்பாவின் விலா எலும்பில் விரலை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

மற்ற அப்பாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளை அதட்ட எழுந்தேன்.

"ஏழு! முடிஞ்சுதுப்பா!"

இவர் குனிந்து தன் உடம்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு மறுபக்கத்துக் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா? இந்தப் பக்கத்தை யாரு எண்ணுவா?"